பாம்பன் ரோட்டுப் பாலத்தில் வண்டியில் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் தாண்டி ராமேஸ்வரம் போகிறவர்கள் பாம்பன் பாலத்தைப் பற்றிக் கேட்கும் சந்தேகங்கள் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. கோயம்புத்தூர்க்காரர் கேட்பதைத்தான் சென்னைக்காரரும் கேட்கிறார். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே வைத்து, கீழே பதில் தந்திருக்கிறோம். கோயில் தரிசனம், தீர்த்தம், தங்குமிடம் பற்றி இதில் எதுவும் இல்லை. பாலம் மட்டும்தான்.

பாம்பன் பாலம்னா எது? ரயில் போறதா, கார் போறதா?

மூன்று பாலங்கள் இருக்கின்றன. முதலாவது 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம். 2022 டிசம்பருக்குப் பிறகு அதில் ரயில் ஓடவில்லை. இரண்டாவது அதற்குப் பக்கத்தில் கட்டி 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய ரயில் பாலம். மூன்றாவது கார், பஸ், லாரி, பைக் எல்லாம் போகும் சாலைப் பாலம். அன்னை இந்திரா காந்தி பாலம் என்பது அதன் பெயர். 1974-ல் அடிக்கல் நாட்டி, 1988 அக்டோபர் 2-ல் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். உள்ளூரில் 'ரோட்டுப் பாலம்' என்றால் இதுதான். இந்தப் பக்கத்தில் வெறுமனே 'பாலம்' என்று வரும் இடமெல்லாம் இதையே குறிக்கும்.

தீவுக்குப் போகும் ஒரே சாலை இது. மதுரையிலிருந்து தனுஷ்கோடி வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 87-ன் ஒரு பகுதி. நோயாளி வண்டி, மீன் லாரி, காய்கறி, கேஸ் சிலிண்டர் எல்லாம் இதன் மேல்தான் போய்வர வேண்டும். சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லும் கட்டுப்பாடுகள் பாதிக்குக் காரணம் இதுதான்.

எவ்ளோ நீளம்? கடக்க எவ்ளோ நேரம் ஆகும்?

2,345 மீட்டர். 40 கி.மீ. வேகத்தில் போனால் மூன்றரை நிமிடம், 30-ல் போனால் ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. வீடியோவில் பார்த்துவிட்டு அரை மணி நேரப் பயணம் என்று நினைத்து வருகிறவர்களுக்கு 'அதுக்குள்ள முடிஞ்சுபோச்சா' என்று ஏமாற்றமாக இருக்கும். அதற்கு மருந்து நடுவில் நிறுத்துவதல்ல. 30 முதல் 40-க்குள் ஒரே சீராகப் போய், திரும்பும்போது இன்னொரு முறை பார்ப்பதுதான். போகும்போது பார்த்த பாலமும் திரும்பும்போது பார்க்கும் பாலமும் ஒன்றாக இருக்காது. வெளிச்சமும் காற்றின் திசையும் மாறியிருக்கும்.

இது தொங்கு பாலம்தானே? நண்பர் அப்படித்தான் சொன்னார்.

இல்லை. தொங்கு பாலத்துக்கு உயரமான கோபுரங்களும், அவற்றின் மேலிருந்து இறங்கும் பருத்த கம்பி வடங்களும் இருக்கும். சாலை அந்த வடங்களில்தான் தொங்கும். பாம்பனில் கோபுரமும் இல்லை, வடமும் இல்லை. கடலுக்குள் வரிசையாக நிற்கும் தூண்களின் மேல் முன்னழுத்தக் கான்கிரீட் உத்தரங்கள் உட்கார்ந்திருக்கின்றன, அவற்றின் மேல் சாலை போகிறது. பெரும்பாலான தூண்களுக்கு நடுவே இடைவெளி குறைவுதான். கப்பல் போகும் நடுப்பகுதியில் மட்டும் 115 மீட்டர் அளவுக்கு அகலமான கண், அதாவது தூணில்லாத இடைவெளி, இருக்கிறது.

'தூக்கு பாலம்' என்று காதில் விழுந்தது 'தொங்கு பாலம்' ஆகியிருக்கலாம். தூக்குவது ரயில் பாலத்தின் நடுப்பகுதி. ரோட்டுப் பாலத்தில் எந்தப் பகுதியும் திறக்காது, மூடாது.

அப்புறம் ஏன் நடுவுல மேடு மாதிரி ஏறி இறங்குது?

கப்பலுக்காக. பாம்பன் கால்வாய் வழியாகத்தான் சிறு கப்பல்களும் விசைப்படகுகளும் ஒரு கடலிலிருந்து மறு கடலுக்குப் போகின்றன. சாலை வண்டியால் ஏற்றம் ஏற முடியும். ஆகவே பாலத்தின் நடுவை உயர்த்திக் கட்டி, கப்பலை அடியில் விட்டுவிட்டார்கள். ரயிலால் அப்படிப்பட்ட ஏற்றம் ஏற முடியாது. அதனால் ரயில் பாலம் தாழ்வாகத் தட்டையாக ஓடுகிறது, கப்பல் வரும்போது மட்டும் நடுப்பகுதியைத் தூக்குகிறார்கள். புதிய ரயில் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே கிடையாக 17 மீட்டர் மேலே போகும். பழையதில் இரண்டு பக்கமும் இலைபோலப் பிரிந்து நிமிரும்படி இருந்தது.

ஓட்டுகிறவருக்கு இந்த மேட்டால் வரும் தொல்லையைப் பின்னால் ஓவர்டேக் கேள்வியில் பாருங்கள்.

நடுப் பாலத்துல வண்டிய ஓரமா நிறுத்தி ரெண்டே ரெண்டு போட்டோ எடுத்துக்கலாமா?

கூடாது. பாலம் இரண்டு வழிதான், போக ஒன்று, வர ஒன்று. 'ஓரம்' என்று ஒன்று அங்கே இல்லை. நடைமேடைக்கு ஒட்டி நிறுத்தினாலும் உங்கள் வழியின் பெரும்பகுதி அடைபட்டுவிடும். பின்னால் வரும் பஸ் எதிர்வழியில் ஏறித்தான் உங்களைத் தாண்ட வேண்டும். மேட்டின் உச்சியில் நிறுத்தினால் அந்த பஸ் ஓட்டுநருக்கு எதிரே வருவதும் தெரியாது. எல்லோரும் நிறுத்த ஆசைப்படும் இடமும் அந்த உச்சிதான்!

போலீஸ் நிற்கும் நாளில் அபராதம் எழுதுவார்கள், நிற்காத நாளில் எழுத மாட்டார்கள். ஆபத்து இரண்டு நாளும் ஒன்றுதான். 'எல்லாரும் நிறுத்தியிருந்தாங்களே' என்பது சரியான பதில் இல்லை. விடுமுறை நாளில் ஏழெட்டு கார்கள் வரிசையாக நின்றுவிட்டால் இரண்டு பக்கமும் நெரிசல் கரை வரைக்கும் நீளும். அதற்குள் ஓர் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டால் சுற்றிப் போக வேறு வழி கிடையாது.

அப்ப எங்கதான் நிறுத்திப் பாக்குறது?

பாலம் முடிந்து தரை இறங்கிய பிறகு. இந்தக் கரையில் இருக்கும் மண்டபம் ஊர்ப் பக்கமோ, தீவுக் கரையில் இருக்கும் பாம்பன் ஊர்ப் பக்கமோ சாலையை விட்டு முழுதாக இறக்கி நிறுத்துங்கள். அங்கிருந்து பாலத்தின் நடைமேடையில் நடந்து வரலாம். எந்தக் கரையிலிருந்து நடந்தாலும் நடு உச்சிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நிதானமாக நடந்தால் போகக் கால் மணி நேரம், திரும்பக் கால் மணி நேரம். ரயில் பாலம், தூக்கும் பகுதி, படகுத் துறை, இரண்டு கடல் என்று எல்லாவற்றையும் நின்று பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. வெயிலுக்குத் தொப்பி வேண்டும், ஆனால் கயிறு உள்ள தொப்பியாக இருக்கட்டும்.

பாலத்தையே முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் பாலத்தின் மேல் நின்று பயனில்லை, தள்ளி நிற்க வேண்டும். பாம்பனில் இறங்கித் தெற்கே குந்துகால் போகும் வழியில் கடலோரத்தில் நின்று பாருங்கள். விவேகானந்தர் 1897 ஜனவரியில் வெளிநாட்டுப் பயணம் முடித்து வந்து இறங்கிய இடம் என்று அங்கே நினைவு மண்டபமும் இருக்கிறது.

காலையில போனா நல்லதா, சாயங்காலமா?

எதைப் பார்க்க ஆசை என்பதைப் பொறுத்தது. கடலின் நிறம் பார்க்க வேண்டுமென்றால் காலை 10 மணிக்கு மேல், பிற்பகல் 2 மணிக்குள். சூரியன் உச்சிக்கு வந்தால்தான் வெளிச்சம் தண்ணீருக்குள் இறங்கும். மணல் தரை இருக்கும் இடம் வெளிர் பச்சையாகவும், கடற்புல்லும் பாறையும் இருக்கும் இடம் கருநீலத் திட்டாகவும் பிரிந்து தெரியும். வானத்தின் நிறம் வேண்டுமென்றால் விடியலும் அந்தியும்.

ஆனால் ஓட்டுகிறவரை நினைத்துப் பாருங்கள். பாலம் ஏறக்குறைய மேற்கிலிருந்து கிழக்காகப் போகிறது. விடிந்த கையோடு ராமேஸ்வரம் நோக்கி ஓட்டினால் வெயில் நேரே கண்ணில். அந்தியில் திரும்பினால் அப்போதும் கண்ணில். கண்ணாடியில் உப்புப் படலம் இருந்தால் எதிரே ஒரு வெள்ளைத் திரைதான் தெரியும். ஆகவே விடியலைப் பார்க்க விரும்புகிறவர்கள் ராமநாதபுரத்தில் இரவு தங்கி, இருட்டு பிரியும் முன்பே பாலத்தைக் கடந்துவிட்டு, நடைமேடையில் நின்று பார்ப்பது நல்லது. மதுரையிலிருந்து நள்ளிரவு தாண்டிக் கிளம்பி, தூக்கக் கலக்கத்தோடு இந்தப் பாலத்துக்கு வருவதை யாருக்கும் சொல்ல மாட்டோம்.

இரவில் பார்க்க ஒன்றும் இல்லை. பால விளக்குகளும் தொலைவில் படகு விளக்குகளும் தெரியும், அவ்வளவே.

ஒரு பக்கம் கடல் குளம் மாதிரி கிடக்கு, இன்னொரு பக்கம் கொந்தளிக்குது. எப்படி?

பாலம் இரண்டு கடல்களுக்கு நடுவே போகிறது. ராமேஸ்வரம் நோக்கிப் போகும்போது இடது கைப் பக்கம் பாக் நீரிணை, மீனவர் சொல்லில் வடகடல். வலது கைப் பக்கம் மன்னார் வளைகுடா, தென்கடல். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து காற்று அடிக்கிறது. அப்போது தென்கடல் அலைமோதும். தீவும் நிலமும் காற்றை மறைப்பதால் வடகடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை தொடங்கினால் நிலைமை தலைகீழ்.

எந்த மாதத்தில் வந்தாலும் ஏதாவது ஒரு கடல் அமைதியாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது வருகிறவர்களுக்கு நல்ல செய்தி. பாலத்தில் எந்தப் பக்கத்திலிருந்து காற்று தள்ளும் என்பதையும் இதை வைத்தே தெரிந்துகொள்ளலாம். அடுத்த கேள்விக்கு இது வேண்டும்.

பைக்ல போறோம். காத்து தூக்கிடும்ங்கிறாங்க, உண்மையா?

தூக்காது, தள்ளும். அதுவும் சீராகத் தள்ளாது, விட்டு விட்டுத் தள்ளும். ஆபத்து அந்த விட்டு விடுதலில்தான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். ஆகவே கரையில் 'சும்மா காத்துதான்' என்று தோன்றுவது நடுப் பாலத்தின் உயரத்தில், மறைப்பே இல்லாத இடத்தில், வேறு ஆளாக இருக்கும்.

தென்மேற்குக் காற்றுக் காலத்தில் ராமேஸ்வரம் போகும்போது காற்று வலப்பக்கப் பின்னாலிருந்து வரும், உங்களை நடைமேடைப் பக்கம் தள்ளும். நீங்கள் அறியாமலே வலப்பக்கம் சாய்ந்து ஓட்டுவீர்கள். அந்த நேரத்தில் எதிரே ஒரு பஸ் வந்தால், பஸ்ஸின் உடம்பு காற்றை ஒரு நொடி மறைத்துவிடும். தள்ளிக்கொண்டிருந்த காற்று திடீரென்று இல்லாமல் போக, சாய்ந்திருந்த வண்டி பஸ்ஸை நோக்கி இழுக்கும். பஸ் தாண்டியதும் காற்று மறுபடி ஓங்கி அறையும், வண்டி இடப்பக்கம் ஓடும். இங்கே பைக் தடுமாறுவது பெரும்பாலும் இப்படித்தான். திரும்பும்போது அதே காற்று இடப்பக்க முன்னாலிருந்து வந்து உங்களை எதிர்வழிக்குத் தள்ளும். அது இன்னும் மோசம். வாடைக் காலத்தில் இரண்டும் இடம் மாறிவிடும்: போகும்போது எதிர்வழிப் பக்கம் தள்ளல், வரும்போது நடைமேடைப் பக்கம்.

செய்ய வேண்டியவை: 30–40 கி.மீ. வேகம். உங்கள் வழியின் நடுவில் போங்கள், நடைமேடையை ஒட்டியும் வேண்டாம், நடுக்கோட்டை ஒட்டியும் வேண்டாம். ஹாண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல், முழங்கையைத் தளர்த்தி, முழங்காலால் டாங்கை அணைத்துக்கொள்ளுங்கள். கை இறுகியிருந்தால் காற்று உங்கள் உடம்பைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் அது ஹாண்டிலைத் திருப்பிவிடும். எதிரே பெரிய வண்டி தெரிந்ததும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, காற்று விடுபடும் என்று எதிர்பார்த்திருங்கள். சேலை முந்தானை, துப்பட்டா, வேட்டி நுனி எல்லாம் பாலத்துக்கு முன்பே செருகிக் கட்டியிருக்க வேண்டும். ஹெல்மெட் வாரை மாட்டாமல் வைத்தால் காற்றே கழற்றிக் கடலில் போட்டுவிடும்.

வானிலை அறிக்கையில் மன்னார் வளைகுடாவில் 45 முதல் 55 கி.மீ. வேகக் காற்று என்று வாசித்தால், ஸ்கூட்டரில் மூன்று பேராகப் போகும் யோசனையை விட்டுவிடுங்கள். அது சட்டப்படியும் தவறு என்பது வேறு விஷயம். ஆடி மாதத்தில் பகல் ஏற ஏறக் காற்றும் ஏறும். ஆகவே விடியலை ஒட்டிய நேரம் இருசக்கர வண்டிக்கு உகந்தது.

கார்க்காரங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லல்ல?

குறைவு, இல்லாமல் இல்லை. உயரமாகவும் எடை குறைவாகவும் இருக்கும் வண்டிகள், அதாவது மாருதி ஆம்னி, காலியாகத் திரும்பும் சிறு சரக்கு வண்டி, வேன், காற்றில் ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுக்கும். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தால் போதும். ஒரு கையில் போனை வைத்து வீடியோ எடுக்கும் ஓட்டுநருக்கு ஆறுதல் சொல்ல எதுவும் இல்லை.

கூரை மேல் மூட்டை கட்டியிருந்தால் பாலத்துக்கு முன் மண்டபத்தில் ஒருமுறை இறங்கி இழுத்துப் பாருங்கள். தார்ப்பாய் பட்டம்போல உப்பினால் முதலில் தளர்வது முன்பக்கக் கயிறு. முன்பக்கம் இரண்டு கட்டு, நடுவில் குறுக்காக ஒன்று, பின்பக்கம் ஒன்று போடுங்கள். ஜன்னலில் துண்டு காயப் போட்டுக்கொண்டு போவதும் வேண்டாம். அது பறந்து பின்னால் வரும் பைக்காரர் முகத்தில்தான் விழும்.

கார்ல உக்காந்து பாத்தா கைப்பிடிச் சுவர்தான் தெரியுது, கடலே சரியா தெரியல. பஸ்ல போனா நல்லா தெரியுமா?

தெரியும். தாழ்வான காரில் கண்மட்டம் கைப்பிடிச் சுவர் அளவிலேயே இருப்பதால் தொலைவுக் கடல் மட்டும் தெரியும், பாலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீரும் படகும் மறைந்துவிடும். அரசு பஸ்ஸின் இருக்கை உயரம் இதற்கு நல்ல வசதி. மதுரையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் ராமேஸ்வரம் பஸ் ஓடுகிறது. காரை ராமநாதபுரத்தில் விட்டுவிட்டு பஸ்ஸில் போய் வருகிறவர்களும் உண்டு. ஓட்டுகிறவரும் ஒருமுறையாவது கடலைப் பார்க்க அது ஒன்றுதான் வழி. குழந்தைகளைக் காரின் கூரைத் திறப்பில் நிற்கவைக்க வேண்டாம். காற்று பற்றிச் சொன்னது அவர்களுக்கும் பொருந்தும்.

நடைமேடையில நின்னப்போ பாலம் அதிர்ந்துச்சு. நிஜமாவே அதிர்ந்துச்சு! பழசாயிடுச்சா?

அதிர்ந்தது உண்மை. அதனால் பழுது என்று ஆகிவிடாது. கான்கிரீட் உத்தரம் கல்போல விறைப்பாக இருக்கும் என்று நினைக்கிறோம். லாரி ஏறும்போது எந்த உத்தரமும் மில்லிமீட்டர் கணக்கில் வளைந்து, லாரி போனதும் நிமிரும். தூண்களுக்கு நடுவே இடைவெளி அகலமாக அகலமாக இந்த அசைவும் கூடும். அதனால்தான் நடுப்பகுதியில் நிற்கும்போது அதிகமாகத் தெரிகிறது. முன்னழுத்தக் கான்கிரீட்டின் உள்ளே எஃகு வடங்களை இழுத்து முறுக்கேற்றிப் பூட்டியிருப்பார்கள். வளையும்போது அடிப்பக்கம் வெடிக்காமல் இருப்பதற்கு அந்த முறுக்குத்தான் காரணம்.

வண்டியில் போகும்போது டயரும் ஸ்பிரிங்கும் அந்த அசைவை விழுங்கிவிடுவதால் தெரியாது. நின்ற காலில் தெரியும். பயப்பட வேண்டியவை கண்ணுக்குத் தெரிபவை: இணைப்பில் நிமிர்ந்து நிற்கும் இரும்புத் தகடு, டயர் இறங்கும் அளவு பள்ளம், உடைந்த கைப்பிடி. அப்படி எதையாவது பார்த்தால் பாலத்தைக் கடந்த பிறகு நெடுஞ்சாலை உதவி எண் 1033-ல் சொல்லுங்கள்.

சீரா 'டக்... டக்'னு ஒரு சத்தம் வருதே, டயர்ல ஏதாவதா?

டயரில் இல்லை, பாலத்தில். உத்தரத்துக்கு உத்தரம் விரிவிணைப்பு என்று ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். கான்கிரீட் வெயிலில் நீளும். 100 மீட்டர் நீளக் கான்கிரீட் 20 டிகிரி சூடு ஏறினால் 2 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீளும். பாலம் முழுவதையும் இடைவெளியின்றி ஒரே துண்டாகக் கட்டினால் பங்குனி வெயிலில் அது தள்ளிக்கொள்ள இடமில்லாமல் தன்னைத்தானே நசுக்கிக்கொள்ளும்.

பைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இணைப்பின் இரும்பு மழையிலும் கடல் சாரலிலும் வழுக்கும். அதன் மேல் பிரேக் பிடிக்காமல், வண்டியைச் சாய்க்காமல், நேராகக் கடந்துவிடுங்கள். வேகம் குறைக்க வேண்டுமென்றால் அதற்கு முன்பே குறையுங்கள்.

முன்னாடி மாட்டு வண்டி வேகத்துல ஒருத்தர் போறார். ஓவர்டேக் பண்ணலாமா?

வேண்டாம். மேலே சொன்ன மேடுதான் காரணம். ஏறும்போது உச்சிக்கு அப்பால் என்ன வருகிறது என்பது தெரியாது. இறங்கும்போது தெரிவதுபோல இருக்கும், ஆனால் எதிரே ஏறி வருகிறவருக்கு உங்களைத் தெரிய நேரமாகும். அதோடு, உச்சிக்கு அந்தப் பக்கம் யாராவது போட்டோவுக்காக நிறுத்தியிருப்பார் என்றே நினைத்து ஓட்டுங்கள். முன்வண்டிக்கும் உங்களுக்கும் குறைந்தது மூன்று நொடி இடைவெளி இருக்கட்டும். அவர் பின்னாலேயே போனாலும் மொத்தத்தில் சில நிமிடம்தான் தாமதம்.

எனக்கு உயரம்னா பயம். நானே ஓட்டணும். என்ன செய்ய?

கைப்பிடிச் சுவரையும் தண்ணீரையும் பார்க்காமல், முன்னால் போகும் வண்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். கண்ணாடி ஜன்னலை ஏற்றிவிட்டால் காற்றின் இரைச்சல் அடங்கும். பாதிப் பயம் அந்த இரைச்சலால் வருவதுதான். ஒரு பஸ்ஸின் பின்னால் போனால் எதிரே கடல் விரிவது தெரியாது. ஏற்றம் முடிந்துவிட்டால் பயமும் பெரும்பாலும் முடிந்துவிடும், இறக்கத்தில் பாம்பன் ஊரும் தென்னை மரங்களும் தெரியத் தொடங்கும். நடுவில் கை நடுங்கினால் நிறுத்தாதீர்கள். விளக்கைப் போட்டுக்கொண்டு 20-ல் உருட்டிக் கரை சேருங்கள்.

நான் கோல்டன் கேட்ல கார் ஓட்டியிருக்கேன். அந்த மாதிரி இருக்குமா?

அதை எதிர்பார்த்து வர வேண்டாம், வேறு விதமான அனுபவம். சான்பிரான்சிஸ்கோவில் 1937-ல் திறந்த அந்தப் பாலம் அசல் தொங்கு பாலம். இரண்டு கோபுரங்களுக்கு நடுவே 1,280 மீட்டருக்குத் தூணே இல்லை. பலத்த காற்றில் அதன் நடுப்பகுதி பக்கவாட்டில் 8 மீட்டர் வரைகூட நகர்ந்து கொடுக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். சாலை தண்ணீருக்கு ஏறக்குறைய 67 மீட்டர் மேலே. அங்கே கண் மேலே போகும், கோபுரத்துக்கும் வடத்துக்கும்.

பாம்பனில் தலைக்கு மேல் ஒன்றுமே இல்லை, கண் பக்கவாட்டில் போகும். நீளத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வகைதான். அது சுமார் 2.7 கி.மீ. ஆனால் பாம்பனில் தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது. படகில் வலை உதறுகிறவரின் முகம்கூடத் தெரியும். எங்களுக்குப் பிடித்தது எது என்று கேட்டால் பதில் ஒருதலைப்பட்சமாகத்தான் இருக்கும்.

ரயில் போறதையும், பாலத்தைத் தூக்குறதையும் சேர்த்துப் பாத்துட முடியுமா?

ரயிலைப் பார்க்கலாம். ராமேஸ்வரம் வண்டிகளின் நேரத்தைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் முன்னதாக நடைமேடைக்கு வந்துவிடுங்கள். காற்று அளவுக்கு மீறினால் ரயிலை நிறுத்திவைப்பார்கள் என்பதால் காற்றுக் காலத்தில் நேரம் தவறும்.

தூக்குவதற்கு நாள்தோறும் நேர அட்டவணை கிடையாது. கப்பலோ பெரிய படகுகளோ கடக்க அனுமதி கேட்டு, துறைமுகமும் ரயில்வேயும் ஒத்துக்கொண்டால்தான் தூக்குவார்கள். பாலத்துக்கு ஒரு பக்கம் படகுகள் வரிசைகட்டி நின்றால் அது நல்ல அறிகுறி. பாம்பன் படகுத் துறையில் விசாரித்தால் சரியாகச் சொல்வார்கள். தூக்கும்போது ரோட்டுப் பாலத்தில் போக்குவரத்து நிற்காது. அதனால் அந்த நேரத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்ப்பது மற்ற நேரத்தைவிட ஆபத்தானது.

பாம்பன்ல புயல் கூண்டு ஏத்திட்டாங்கன்னு டிவில வருது. பாலத்தை மூடிடுவாங்களா?

கூண்டு ஏற்றுவது கடலில் இருக்கும் கப்பலுக்கும் படகுக்கும். 1, 2 எண்கள் தூரத்தில் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது என்று சொல்பவை. 3, 4 துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம் என்பவை. 5-லிருந்து அபாயம், 8 முதல் 10 பேரபாயம். 1-ம் எண் கூண்டுக்காகப் பயணத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை. 3-ம் எண் ஏறினால் பைக்கை விட்டுவிடுங்கள். 5-க்கு மேல் என்றால் காரிலும் வர வேண்டாம்.

பாலத்தை அடைப்பது மாவட்ட நிர்வாகமும் போலீசும் எடுக்கும் முடிவு. அடைத்துவிட்டால் தீவிலிருந்து வெளியே வர வேறு சாலை இல்லை. ஆகவே புயல் நெருங்கும் நாளில் 'பாத்துட்டுத் திரும்பிடலாம்' என்று உள்ளே போகாதீர்கள். 1964 டிசம்பர் 22-ம் தேதி இரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தபோது ரயில் பாலத்தின் உத்தரங்களையும் கடலில் தள்ளியது. அப்போது ரோட்டுப் பாலமே கிடையாது.

ட்ரோன் பறக்க விடலாமா?

அனுமதி இல்லாமல் கூடாது. உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது, தென்கடலின் தீவுகள் தேசியப் பூங்கா, பக்கத்தில் சர்வதேசக் கடல் எல்லை. பறிமுதல் ஆகும். போதாக்குறைக்கு மேலே சொன்ன காற்று.

திரும்பி வந்த பிறகு வண்டிக்கு ஏதாவது செய்யணுமா?

நல்ல தண்ணீரில் கழுவுங்கள், அன்றைக்கே. மேலே மட்டுமல்ல, சக்கர வளைவின் உட்பக்கம், அடிப்பாகம், பிரேக் டிஸ்க் எல்லாம். பைக் செயினைக் கழுவித் துடைத்துக் காயவைத்து எண்ணெய் விடுங்கள். உப்போடு எண்ணெய் விட்டால் பயன் இல்லை. இரவு நிறுத்திவைத்த வண்டியின் டிஸ்க்கில் காலையில் மெல்லிய துரு தெரியும். முதல் ஐந்தாறு பிரேக்கில் தேய்ந்து போய்விடும், பயம் வேண்டாம். முன்கண்ணாடி உப்பை வெறும் வைப்பரால் துடைக்காதீர்கள், பூசிவிடும், கண்ணாடியிலும் கீறல் விழும். வைப்பர் தண்ணீர்த் தொட்டியை ராமநாதபுரத்திலேயே நிரப்பிக்கொண்டு வாருங்கள்.

அமாவாசை அன்னிக்கு போறோம். பாலத்துலயே வண்டி நின்னுட்டா என்ன பண்றது?

ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை நாட்களில் பாலத்தின் மேல் வரிசை நகராமல் நிற்பது சாதாரணம். அன்றைக்கு வண்டி பழுதாவது பெரும்பாலும் கிளட்ச்சால். ஏற்றத்தில் நின்றுகொண்டு பிரேக்கை விட்டு, பாதிக் கிளட்ச்சில் வண்டியைத் தாங்கிப் பிடித்தால், பத்து நிமிடத்தில் கருகல் வாசனை வரும். நின்றால் நியூட்ரல், ஹாண்ட்பிரேக். முன்வண்டி இரண்டு வண்டி நீளம் நகர்ந்த பிறகு ஒரே மூச்சில் நகருங்கள். ஓர் அடி ஓர் அடியாக நகர்த்தாதீர்கள்.

அப்படியும் நின்றுவிட்டால் நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, முடிந்தவரை இடப்பக்கம் ஒதுக்குங்கள். எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி நடைமேடைக்குப் போய்விட வேண்டும். எச்சரிக்கை முக்கோணத்தை 50 மீட்டர் பின்னால் வையுங்கள். உச்சியைத் தாண்டி இறக்கத்தில் நின்றிருந்தால் 50 மீட்டர் கணக்கெல்லாம் போதாது. உச்சிக்கு அந்தப் பக்கம், ஏறி வருகிறவருக்குத் தெரியும் இடத்தில் வைக்க வேண்டும், காற்றில் விழாமல் அதன் காலில் ஒரு கல்லையும் வையுங்கள். பிறகு 1033-ஐ அழையுங்கள், அடிபட்டவர் இருந்தால் 108. பானெட்டைத் திறந்து பழுது பார்க்க முயல வேண்டாம். இறக்கத்தில் இருந்தால், வழி விட்டிருந்தால், நியூட்ரலில் மெதுவாக உருட்டியே கரைக்குக் கொண்டுபோய்விடலாம். என்ஜின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாகக் கனக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்து, வேகம் எடுக்க விடாமல், ஆரம்பத்திலிருந்தே அழுத்திப் பிடியுங்கள். சாவி 'ஆன்' நிலையில் இருக்க வேண்டும், எடுத்துவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.